என் மனைவியின் பெயரில் என்ன இருக்கிறது?



விசா விண்ணப்பம் எழுதித் தருவது என் தொழில் அன்று. மதுரை விளாங்குடியில் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் ஃபிக்ஹும் சொல்லிக்கொடுக்கும் மதரஸா ஆசிரியன் நான். ஆயினும் 2025ஆம் ஆண்டுக் கோடையில், என் மனைவியின் இங்கிலாந்துப் பயணத்திற்காக நானே அமர்ந்து ஆவணங்களைத் திரட்ட நேர்ந்தது. அப்போது நான் அறிந்துகொண்டவை உங்கள் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன். சில செய்திகளை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மறைத்துவிட்டு எழுதினால் பயனில்லை.

எங்கள் மூத்த மகள் திருமணமாகி லெஸ்டர் நகரில் வசிக்கிறாள். மருமகன் அங்கே ஒரு நிறுவனத்தில் பொறியாளர். மே மாதத்தில் ஒரு நாள் இஷாவுக்குப் பின் மகள் அழைத்தாள்.

“அத்தா, செப்டம்பர்ல நாள் குறிச்சிருக்காங்க. அம்மாவை மட்டும் அனுப்பி வையுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதே நம் வழக்கம். மகளால் வர இயலாத சூழ்நிலையில் தாய்வீடுதான் அவளிடம் செல்ல வேண்டும். நான் உடன்செல்ல வழியில்லை. மதரஸா இருக்கிறது, எண்பதைக் கடந்த என் தாயார் இருக்கிறார், பள்ளியில் படிக்கும் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். ஆகவே என் மனைவி தனியே செல்வது என்றும், அவளுக்கு ஆறு மாதம் வரை செல்லத்தக்க வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிப்பது என்றும் முடிவாயிற்று.

முதலில் நகரில் உள்ள ஒரு பயண முகவரிடம் சென்றேன். அவர் என் மனைவியின் வங்கிப் புத்தகத்தைப் புரட்டினார். நான்காயிரத்துச் சொச்சம் இருந்தது. சிரித்துக்கொண்டே, “ஹஜ்ரத், இது வேலைக்கு ஆகாது. ஒரு அஞ்சு லட்சம் நாங்களே கணக்குல போட்டுவிடுறோம். ஒரு மாசம் இருக்கட்டும். விசா வந்ததும் எடுத்துக்கிறோம். அதுக்கு ஒரு தொகை கொடுத்தாப் போதும்” என்றார். அத்துடன் நிற்கவில்லை. மதரஸா ஊதியம் பதினான்காயிரம் என்று எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்றும், ஏதேனும் ஒரு நிறுவனத்தில் மேலாளர் என்று சான்று வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் கருதவில்லை. பலருக்கும் செய்து கொடுத்ததை எனக்கும் செய்து தர முன்வந்தார். நானும் உடனே எழுந்து வந்துவிடவில்லை என்பதே உண்மை. மகளின் குரல் காதில் இருந்தது. “கணக்கில் போட்டு எடுப்பதுதானே, யாருக்கு நஷ்டம்?” என்று மனம் கேட்டது. தேநீரைக் குடித்து முடிக்கும் வரை அந்தக் கேள்வியோடுதான் அமர்ந்திருந்தேன்.

வீடு திரும்பும்போது யோசித்தேன். ஐந்து லட்சத்தை ஒரு மாதம் வைத்துக்கொள்வதற்குக் கொடுக்கும் ‘ஒரு தொகை’ வட்டியன்றி வேறென்ன? தனக்கு உரிமையில்லாத பணத்தைத் தன்னுடையது என்று எழுதிக் கையொப்பமிடுவது பொய்ச் சாட்சியன்றி வேறென்ன? பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களின் வரிசையில் வைத்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை எத்தனை முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அதிலும் கையொப்பமிடப் போகிறவள் என் மனைவி. என் அவசரத்திற்காக அவளைப் பொய் சொல்லவைக்க எனக்கு என்ன உரிமை?

உலகியல் கணக்கிலும் அது ஆபத்தான வழியே. பொய் ஆவணம் கொடுத்தது தெரியவந்தால் இங்கிலாந்து அரசு அந்த விண்ணப்பத்தை மறுப்பதோடு விடுவதில்லை. அடுத்த பத்து ஆண்டுகளுக்குச் செய்யும் விண்ணப்பங்களும் மறுக்கப்படும் நிலை உண்டு. கனடாவில் இத்தகைய தவறுக்கு ஐந்து ஆண்டுத் தடை. பேரக்குழந்தை பிறப்பதைப் பார்க்கச் செல்ல நினைத்து, அது பள்ளிக்கூடம் செல்லும் வயது வரை பார்க்க முடியாமல் போனவர்களின் கதையாக எங்கள் கதையும் ஆகியிருக்கும்.

ஆகவே நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். இங்கிலாந்து அரசின் இணையதளத்தில் துணை ஆவணங்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. மகள் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் விளக்க, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நாம் முக்கியம் என்று நினைப்பவை பல, தேவையற்றவை என்று அதில் குறிப்பிடப்பட்டிருந்தன. குடும்பப் புகைப்படங்கள், விமானச் சீட்டு முன்பதிவு, பயணக் காப்பீடு, நோட்டரி முத்திரையிட்ட சான்றுகள், கல்விச் சான்றிதழ்கள், ஓர் ஆண்டுக்கு முந்தைய வங்கி அறிக்கைகள் ஆகியவற்றை வைக்க வேண்டியதில்லை. முகவர் கேட்ட பட்டியலில் பாதி இதிலேயே அடிபட்டுப்போயிற்று.

அவர்கள் அறிய விரும்புவது சில செய்திகளைத்தான். வருபவர் யார், எதற்காக வருகிறார், செலவு யாருடையது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, குறித்த காலத்தில் ஊர் திரும்புவார் என்பதற்கு என்ன ஆதாரம்? இன்னொரு நிபந்தனையும் உண்டு. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அது குறுகிய கால வருகையாக இருக்க வேண்டுமேயன்றி, குழந்தை பார்க்கும் ஆளாக வேலைக்கு அமர்வதாக ஆகிவிடக் கூடாது.

மருமகன் தன் பங்கை விரைவில் அனுப்பிவிட்டார். அழைப்புக் கடிதம், ஆறு மாத ஊதியச் சீட்டுகள், வங்கி அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம், தன் குடியேற்ற நிலையைச் சரிபார்ப்பதற்கான குறியீடு ஆகிய அனைத்தும் வந்தன. பயணச்சீட்டும் தங்குமிடமும் உணவும் தன் பொறுப்பு என்று எழுதியிருந்தார். எஞ்சியது என் மனைவியின் பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அமர்ந்தோம். நான் கேள்விகளை வாசித்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

தொழில்? இல்லத்தரசி. மாத வருமானம்? இல்லை. சேமிப்பு? நான்காயிரம். அவளது பெயரில் வீடு, நிலம்? இல்லை. வேறு வரவு? இல்லை.

மூன்றாவது ‘இல்லை’ வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. அவள் காலையில் தஹஜ்ஜுதுக்கு எழுந்தால் இரவு பதினொரு மணிக்குத்தான் படுக்கிறாள். என் தாயாரைக் குளிப்பாட்டி உணவூட்டுபவள் அவள். மஃரிபுக்குப் பின் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஓதிக் கொடுப்பவள் அவள். நாங்கள் இருக்கும் வீடு எழும்பிய நாளில் மண் சுமந்தவளும் அவளே. ஆனால் அவள் பெயரில் எழுத என்னிடம் எதுவுமில்லை. வீட்டுப் பட்டா என் பெயரில்; வீட்டு வரி ரசீது என் பெயரில்; மின் இணைப்பு என் பெயரில்.

“என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டாள்.

“ஒன்றுமில்லை” என்றேன்.

திருமணச் சான்றுக்காக அடுத்த வாரம் உத்தமபாளையம் சென்றேன். எங்கள் நிக்காஹ் 2001ஆம் ஆண்டு அவளது ஊரில் நடந்தது. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தவரும் திருமணத்தைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எங்களைப் போன்றோருக்குப் பெரும்பாலும் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரே சான்று. அரப்பாளையத்தில் பேருந்து ஏறி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சென்று இறங்கியபோது லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தொழுகை முடிந்ததும் ஜமாஅத் எழுத்தர் பழைய தஃப்தர்களை எடுத்து வந்தார். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. என் கையொப்பத்தைப் பார்த்தேன். இருபத்து மூன்று வயது இளைஞனின் நீண்ட கையொப்பம். வலீயாக என் மாமனாரின் கையொப்பம். அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக! மஹர் என்ற இடத்தில் நீல மையால் எழுதியிருந்தது: தங்கச் சங்கிலி மூன்று பவுன், ரொக்கமாகச் செலுத்தப்பட்டது.

ஆம், செலுத்தினேன். அன்று சவரன் விலை நான்காயிரத்துக்கும் கீழே. என் அண்ணனிடம் கடன் வாங்கிச் செய்த சங்கிலி அது. எட்டு ஆண்டுகள் அவள் கழுத்தில் இருந்தது. 2009இல் விளாங்குடியில் வீடு கட்டும்போது கூரைக்குப் பணம் போதவில்லை. அவளே கழற்றிக் கொடுத்தாள். “அடுத்த வருஷம் மீட்டுத் தந்துவிடுகிறேன்” என்று சொல்லி வாங்கினேன். முதலில் அடகு, பிறகு விற்பனை. அடுத்த ஆண்டு வந்தது. அதற்கடுத்த பதினைந்து ஆண்டுகளும் வந்தன. அவள் ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே அவள் விட்டுக்கொடுத்துவிட்டதாக நான் வைத்துக்கொண்டேன்.

சகோதரர்களே! அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் நம் மதரஸாப் பிள்ளைகள் உடனே பதில் சொல்வார்கள்: சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதையும், எழுத்தரின் நேர்மையையும், சாட்சிகளையும் பற்றியது. அதை ஆண்டுதோறும் விளக்கிப் பாடம் நடத்துபவன் நான். மனைவியிடம் வாங்கிய கடனை ஒரு துண்டுத்தாளில்கூட எழுதவில்லை. மஹரை மனமுவந்து கொடுக்கச் சொல்லும் சூரத்துந் நிஸாவின் 4ஆம் வசனத்தையும் பாடமாக நடத்தியிருக்கிறேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டவன் எந்த வரிசையில் நிற்பான் என்று எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை.

திரும்பி வரும் பேருந்தில் இன்னொன்றும் உறைத்தது. என் கணக்கில் ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் ரூபாய் இருந்தது. நாங்கள் இருவரும் உம்ரா செல்வதற்காக ஏழு ஆண்டுகளாக முடிந்தபோதெல்லாம் முடிந்த அளவு சேர்த்த பணம். கடன் இருக்கும்போது உபரியான வணக்கத்திற்குப் பயணம் போகத் திட்டமிடுபவரிடம், முதலில் கடனை அடையுங்கள் என்று நானே ஃபத்வா சொல்வேன். என் கடன்காரி ஒரே பாத்திரத்தில் என்னோடு உணவருந்துபவளாக இருந்ததால் அது எனக்குக் கடனாகத் தெரியவில்லை.

அன்றிரவு அவளிடம் சொன்னேன்: “உன் சங்கிலியின் மதிப்பை உன் கணக்கில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “விசாவுக்காகவா?”

பதில் சொல்ல நேரமானது. மனத்தில் இரண்டும் கலந்துதான் இருந்தன. கணக்கில் நான்காயிரத்துக்குப் பதில் லட்சம் இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணமும் ஓரத்தில் இருந்தது. அதை அவள் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள்.

“விசாவுக்காகப் போடறதா இருந்தா வேணாம். அவங்க பார்த்து முடிச்சதும் திரும்ப உங்க கணக்குக்குப் போயிரும். அதுக்கு அந்த ஏஜெண்ட்டே போதும். எனக்குக் கொடுக்கிறதா இருந்தா இன்னைக்கே கொடுங்க. நான் ஊருக்குப் போனாலும் போகாட்டியும் அது என்னோடதா இருக்கணும்.”

இருபத்து நான்கு ஆண்டு இல்லறத்தில் அவள் பணத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் எதுவும் இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, என் தாயாருக்கு மாத்திரை கொடுக்க எழுந்து போனாள்.

மறுநாள் மருமகனிடம் கூறியபோது அவர் தயங்கினார். “மாமா, தப்பா நினைக்காதீங்க. விண்ணப்பத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி மாமி கணக்குல பெரிய தொகை வந்தா, கடன் வாங்கிப் போட்டதாத்தான் நினைப்பாங்க. செலவு நான்தானே பார்க்கிறேன். விசா வந்த பிறகு கொடுங்களேன்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திடீரென்று வந்த பணத்தின் மூலம் தெரியாவிட்டால் அந்த அதிகாரிகள் ஐயுறுவார்கள். முகவர் செய்ய நினைத்த பொய்யும் நான் செய்ய நினைத்த கடன் தீர்ப்பும் வங்கி அறிக்கையில் ஒரே மாதிரியான ஒரு வரியாகத்தான் தெரியும். அந்த வரியால் விசா மறுக்கப்பட்டால் மகள் பிரசவ அறையில் தாயின்றி இருப்பாள். வருகையாளர் விசா மறுப்புக்குப் பொதுவாக மேல்முறையீடும் கிடையாது. மீண்டும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும்.

கடனைத் தள்ளிப்போடும் உரிமை கடன் வாங்கியவனுக்கு இல்லை, கொடுத்தவருக்கே உண்டு. ஆகவே மருமகன் சொன்னதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். முடிவை அவளிடம் விட்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

“உண்மையைத்தானே எழுதப் போறீங்க? அப்ப எழுதுங்க. அல்லாஹ் பார்த்துக்குவான்” என்றாள்.

அன்றைய தினம் ஒரு கிராம் தங்கம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். மூன்று பவுன் என்றால் 24 கிராம். தங்கமாகப் பெற்ற கடனை அன்றைய விலைக்குப் பணமாகத் தீர்க்க இருவரும் இசைந்தோம். என்னிடம் இருந்த தொகை 18 கிராமுக்குச் சரியாக இருந்தது. அதை அவளது கணக்குக்கு மாற்றினேன். எஞ்சிய 6 கிராமைப் பணமாக எழுதாமல், விலை ஏறினாலும் அவளுக்கு இழப்பு வராதபடி, தங்கமாகவே கடன் பத்திரம் எழுதினோம். நான் கையொப்பமிட்டேன். என் தம்பியும் எங்கள் பள்ளிவாசல் முஅத்தினும் சாட்சி. முஅத்தின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “ஹஜ்ரத், வீட்டுக்குள்ளேயே கடன் பத்திரமா?” என்று கேட்டார். பிறகு தாமும் சில கணக்குகளை நினைத்தவர்போல ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டார்.

அடுத்து மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். அது மூலத்திற்கு உண்மையானது என்ற மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி, தேதி, பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியன அதில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் அன்புடன் உதவினார். கிறிஸ்தவ சகோதரி. மஹர் என்ற இடத்தில் முதலில் ‘டவுரி’ என்று எழுதியிருந்தார். நான் பதறிவிட்டேன். “டீச்சர், அது பெண் வீட்டார் கொடுக்கும் வரதட்சணை. இது மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது. அவளுக்கே சொந்தமானது. பொருள் தலைகீழாகிவிடும்” என்றேன். அவர் சட்ட அகராதியை எடுத்துப் பார்த்து ‘டவர்’ என்று திருத்தினார். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமே மஹரை வரதட்சணையாகக் கருதக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் ஹலால் குற்றமாகத் தோன்றிவிடும். திருத்தி முடித்ததும் அவர், “மனைவிக்கே சொந்தம் என்றால் கணவர் எடுத்துக்கொள்ள முடியாதா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். “அவள் அனுமதித்தால் எடுத்துக்கொள்ளலாம். திருப்பித் தருவதாகச் சொன்னால் தர வேண்டும்” என்றேன். என் குரல் எனக்கே சிறிதாகக் கேட்டது.

என் ஊதியச் சான்றை முத்தவல்லி எழுதித் தந்தார். மாதம் ரூபாய் 14,000 ரொக்கமாக வழங்கப்படுகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். ஊதியப் பதிவேட்டில் நான் கையொப்பமிட்ட ஆறு மாதப் பக்கங்களின் நகலையும் இணைத்தோம். மகன்களின் பள்ளிச் சான்றுகள், என் தாயாரின் மருத்துவச் சீட்டுகள், மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றையும் சேர்த்தோம். திரும்பி வருவாள் என்பதற்கு எங்களிடம் நிலபுலன் ஆதாரம் இல்லை. அவளுக்காகக் காத்திருப்பவர்களே ஆதாரம்.

பெயர் விஷயம் நம் சமுதாயத்தில் எல்லோரையும் படுத்துவது. தஃப்தரில் என் மனைவியின் பெயரோடு ‘பீவி’, ஆதாரில் ‘பேகம்’. குடும்ப அட்டையில் முதலெழுத்து என் பெயருடையது; பழைய பள்ளிச் சான்றில் அவள் தந்தையுடையது. கடவுச்சீட்டில் முதலெழுத்துக்கு இடமில்லாததால் தந்தையின் முழுப்பெயரும் குடும்பப் பெயராக நிற்கிறது. முகவரியிலும் குழப்பம். வீட்டின் பழைய ஆவணங்களில் விளாங்குடி பேரூராட்சி. 2011இல் நகரோடு இணைந்தபின் வந்தவற்றில் மதுரை மாநகராட்சி. இவை அனைத்தும் ஒரே பெண், ஒரே வீடு என்பதை அரைப் பக்கத்தில் விளக்கி எழுதினோம்.

இறுதியாக முகப்புக் கடிதம். பயணத்தின் நோக்கம், செல்லும் நாள், திரும்பும் நாள், செலவை ஏற்பவர் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதினோம். அதன்பின் ஒரு பத்தி. அதை நானே தமிழில் எழுதி, பேராசிரியையிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். கணக்கில் புதிதாக வந்துள்ள தொகை பயணத்துக்காகத் தற்காலிகமாகப் போடப்பட்டதன்று. 2001இல் நான் மஹராகக் கொடுத்து, 2009இல் வீடு கட்ட அவளிடம் கடனாக வாங்கிய தங்கத்தின் ஒரு பகுதி. அதை நான் இத்தனை காலம் திருப்பிச் செலுத்தத் தவறிவிட்டேன். தஃப்தரின் நகல், என் ஏழாண்டுச் சேமிப்பைக் காட்டும் வங்கி அறிக்கை, எஞ்சிய கடனுக்கான பத்திரம் ஆகியவை இணைப்பில் உள்ளன என்பதே அதன் சாரம். முகமறியாத ஓர் அதிகாரியிடம் என் குறையை எழுதிக் கொடுப்பது எளிதாக இல்லை. ஆனால் அதை எழுதாமல் அந்தப் பணத்தின் கதையைச் சொல்லவும் வழியில்லை.

கட்டணம் 127 பவுண்ட் செலுத்தி, ஆவணங்களைப் பதிவேற்றி, ஜூன் இறுதியில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை சென்றோம். விண்ணப்ப மையத்தில் அவளது பத்து விரல் ரேகைகளையும் முகப் படத்தையும் பதிவுசெய்தார்கள். வேலை செய்து தேய்ந்த விரல்கள். இரண்டு ரேகைகள் முதல் முறையில் பதியவில்லை. ஈரத்துணியால் துடைத்து மீண்டும் வைத்தாள். பதிந்தது.

மூன்று வாரம் காத்திருந்தோம். அந்நாட்களில் நான் துஆச் செய்தபோதெல்லாம் ஒரு தயக்கம் வரும். மறுக்கப்பட்டால், “உண்மையை எழுதியதால்தானே” என்று என் நஃப்ஸு முறையிடுமோ என்ற அச்சம். அவளிடம் அந்த அச்சம் இல்லை. குழந்தைக்குப் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். “கிடைக்காட்டி இதைப் பார்சல்ல அனுப்பலாம்” என்றாள்.

கடவுச்சீட்டு திரும்பி வந்தபோது அதில் விசா ஒட்டப்பட்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்! உண்மை எழுதியவர்களுக்கெல்லாம் விசா கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையாக விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களை நான் அறிவேன். எங்களுக்குக் கிடைத்தது அவனுடைய அருள். மறுக்கப்பட்டிருந்தாலும் அந்த 18 கிராம் அவளுடையதாகவே இருந்திருக்கும் என்பது மட்டுமே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

அவள் மதுரையிலிருந்து கொழும்பு வழியாகப் பயணமானாள். செப்டம்பரில் பேத்தி பிறந்தாள். குறித்த நாளில் ஊர் திரும்பினாள். அவள் இல்லாத அந்த மாதங்களில் என் தாயாரைக் கவனிப்பதும் சமைப்பதும் என் பொறுப்பாயின. படிவத்தில் ‘தொழில்: இல்லத்தரசி, வருமானம்: இல்லை’ என்று நான் நிரப்பிய இரண்டு வரிகளுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இந்த அனுபவத்திலிருந்து சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

நிக்காஹ் நடத்தும் ஜமாஅத்தார், மணமக்களின் பெயரைக் கடவுச்சீட்டிலோ ஆதாரிலோ உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் தஃப்தரில் எழுதுங்கள். நிக்காஹ் முடிந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் திருமணத்தைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் மட்டுமே வாய்ப்புண்டு. மஹரைப் பவுன், கிராம் என்று தெளிவாக எழுதுங்கள்.

விசாவுக்கு விண்ணப்பிப்போர், அந்தந்த நாட்டு அரசின் வழிகாட்டியை வீட்டுப் பிள்ளைகளை வைத்தேனும் முதலில் வாசியுங்கள். அடுத்தவர் பணத்தை உங்கள் கணக்கில் காட்டாதீர்கள். கணக்கில் பெரிய தொகை நியாயமாக வந்திருந்தால் அது வந்த வழியை ஆதாரத்தோடு எழுதுங்கள்.

கணவர்களே! விசா விண்ணப்பம் வரும்வரை காத்திராதீர்கள். இன்றிரவு ஒரு தாளை எடுத்து, உங்கள் மனைவியின் பெயரில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அவரிடமிருந்து வாங்கியது எதுவேனும் இருந்தால் அதையும் எழுதுங்கள். அவர் கேட்கவில்லை என்பதை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

என் கடன் பத்திரத்தில் இப்போது இன்னும் 4 கிராம் பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு முறை செலுத்தும்போதும் அதன் பின்பக்கத்தில் தேதியிட்டு அவள் கையொப்பமிடுகிறாள். விசா கோப்பின் நகலோடு அதுவும் அலமாரியில் கிதாபுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கடன்பட்டவர்களாக நம்மை மரணிக்கச் செய்யாமல், உரியவருக்கு உரியதைக் கொடுத்து முடிக்கும் அவகாசத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.